வத்தேகம ரோட்டில் இல்லாத இந்தியா

அன்றைக்கு இருந்தவர்கள்: நான், என் மடியில் ஒன்றரை வயது மகன், அத்தை, டிவிக்குச் சொந்தக்காரியான பக்கத்துக் காம்பரா அக்கா, மாத்தளை டவுனில் ரேடியோ, டிவி பழுது பார்க்கும் முஸ்லிம் அண்ணன், எங்கள் பேச்சில் நானா. அப்புறம் என் வீட்டுக்காரர். அவர் உள்ளே இல்லை. ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்துக்குப் பின்னால் பாறைமேல் ஆண்டெனா மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லாமாக ஆறு பேர்.

நான் பிறந்தது கொடைக்கானல் பக்கம் ஒரு மலைக் கிராமத்தில். அப்பாவின் அக்கா, இந்த அத்தை, சின்ன வயதிலேயே இலங்கையில் எல்கடுவ தேயிலைத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவர். அவர் மகனுக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். ராமேஸ்வரத்தில் கப்பல் ஏற்றும்போது, வருசத்துக்கு ஒரு தடவை வந்து போகலாம் என்று அப்பா சொன்னார். நான் வந்து கொஞ்ச நாளில் கலவரம் வந்தது, கப்பல் நின்றது. விமானத்தில் போக எங்களிடம் ஏது வசதி?

எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் கவலைப்படுவதற்கு யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. டிவி பார்த்த அந்த வருடம் அப்பாவுக்கு மஞ்சக்காமாலை வந்தது. தம்பி எழுதும் கடிதத்தின் அடியில் அப்பா எப்போதும் தன் கையால் ஒரு வரி சேர்ப்பார். காமாலைக்குப் பிறகு அந்த வரி வரவில்லை. கண்ணாடி உடைந்துவிட்டது, அப்பாவால் எழுத முடியவில்லை என்று தம்பி எழுதினான். நான் நம்பவில்லை. அப்பா போய்விட்டார், தூர தேசத்தில் இருப்பவளுக்கு எதற்கு என்று மறைக்கிறார்கள் என்றே முடிவு செய்துவிட்டேன். கொழுந்து எடுக்கும்போதும் அதே நினைப்புத்தான். கங்காணி இரண்டு தடவை அதட்டினார்.

அப்புறம் வந்த கடிதத்தில் இந்தச் செய்தி இருந்தது. டிவிக்காரர்கள் வந்து பூண்டுத் தோட்டத்தில் அப்பாவைப் படம் பிடித்தார்களாம். அடுத்த மாதம் மூன்றாவது வியாழக்கிழமை, சாயங்காலம், விவசாயிகளுக்கான நிகழ்ச்சியில் காட்டுவார்களாம். கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்றேன்.

உயரமான மலைகளில் இந்திய டிவி எடுக்கும் என்று கேள்விப்பட்டிருந்தோம். அக்கா வீட்டில் கார் பேட்டரியில் ஓடும் சின்னக் கறுப்பு வெள்ளை டிவி இருந்தது. என் வீட்டுக்காரர் இரண்டு மூங்கிலை ஒன்றாகக் கட்டி ஆண்டெனாவைத் தூக்கி நிறுத்தினார். தினமும் திருப்பிப் பார்த்தோம். இரைச்சலும் புள்ளியும்தான். கடைசியில் அந்த வியாழக்கிழமை சிக்னலைக் கூட்டும் பூஸ்டர் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டிப் பார்க்கும்படி நானாவைக் கூப்பிட்டோம்.

நானா வந்து, வயரைப் பூட்டி, அப்போதும் படம் விழாததால், பிற்பகல் அசர் தொழுகைக்கு இடம் கேட்டார். அக்கா வாசலில் சுத்தமான பாயை விரித்தார். தொழுது முடித்துப் பாயைச் சுருட்டும்போதுதான் மூங்கிலை நிமிர்ந்து பார்த்தார்.

"தங்கச்சி, இது எந்தப் பக்கத்தப் பாத்துக்கிட்டு ஈக்கி?"

அத்தை முந்திக்கொண்டார். "இந்தியாவத்தான்."

"அங்க ஈக்கிறது கண்டிம்மா."

அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. அரசாங்க ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட சனம் அத்தனையும் பெட்டி படுக்கையோடு, கண்டிக்குப் போகும் வத்தேகம ரோட்டில்தான் இறங்கிப் போனது. ஒவ்வொரு குடும்பத்தையும் தோட்டமே கூடி நின்று அந்தப் பக்கம் பார்த்து அழுது அனுப்பியது. அதனால் எங்கள் லயத்தில் இந்தியா என்று யார் சொன்னாலும் கை தானாக வத்தேகம பக்கம் நீளும். ஆண்டெனாவை எவ்வளவு திருப்பினாலும் நாங்கள் அந்த ரோட்டுக்கு அந்தண்டை இந்தண்டைதான் திருப்பினோம்.

"நானே நின்னு அழுது அனுப்பி வச்சேன், எனக்குத் தெரியாதா?" என்றார் அத்தை.

"அழுதது சரி. கண்டிக்குப் போய் ரயில் எந்தப் பக்கம் திரும்புச்சுன்னு பாத்தீங்களா?" என்றார் நானா. பிறகு வாசலில் மறுபடி தொழுகைக்கு நின்ற மாதிரி நின்று, கையை நீட்டிக் காட்டினார். "மக்கா இப்புடி. இந்தியா அதுக்குக் கொஞ்சம் வலது கைப்பக்கம்."

என் வீட்டுக்காரர் மூங்கிலைத் திருப்பினார். அக்கா வாசலில் நின்று உள்ளே பார்ப்பதும் வெளியே கத்துவதுமாக இருந்தார். இன்னும் கொஞ்சம், போதும், ஐயோ போயிருச்சு, பழைய இடத்துக்கே வாங்க. திடீரென்று டிவியில் ஒரு பெண் தெளிவாகத் தமிழில் மழை நிலவரம் சொன்னாள். கையை எடுத்தால் மூங்கில் சுற்றிக்கொண்டது. ஆகவே என் வீட்டுக்காரர் பிடித்தபடியே நிற்க வேண்டியதாயிற்று.

நெல், கோழி எல்லாம் காட்டினார்கள். பொழுது சாய்ந்தால் பஸ் இல்லாத காலம். ஆனாலும் நானா எழுந்திருக்கவில்லை. பேட்டரி இறங்கிவிடுமோ, நிகழ்ச்சியை மாற்றிவிட்டார்களோ என்று நான் பையனை இறுக்கிப் பிடித்ததில் அவன் அழுதான்.

அப்புறம் பூண்டு வயல். அதன் நடுவே, கண்ணாடி இல்லாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அப்பா.

நான் பையனைத் திரைப் பக்கம் திருப்பினேன். அத்தைதான் பேசினார். "இவனுக்கு எங்கேருந்துடி இந்த வயிறு?"

உண்மைதான். சட்டைக்குள் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. உடனே எனக்கு அடுத்த பயம் வந்தது. "காமாலை முத்துனா வயிறு வீங்குமாமே அத்த?"

"வீக்கமில்ல, சோறு. பேசாமப் பாரு."

அப்பா மேடையில் பேசுகிறவர் போல, உரம், மண், பனி என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பிறகு குனிந்தார். ஒரு முழு மூட்டைப் பூண்டைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறினார். மூச்சுக்கூட வாங்கவில்லை. நான் சிரிக்க ஆரம்பித்தேன். அக்கா சிரித்தார். ஏன் என்று தெரியாமலே பையனும் சிரித்தான். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தம்பி, தம்பி என்று திரையைத் தடவினார்.

வெளியிலிருந்து குரல் வந்தது. "மாமா வந்துட்டாரா?"

"வந்துட்டுப் போயிட்டாரு," என்றார் அக்கா. "நீங்க கைய விடுங்க."

நானா அன்றிரவு எங்கள் காம்பராவிலேயே தங்கினார். காலையில் பூஸ்டரைக் கழற்றப் போனபோது நான் குறுக்கே நின்றேன். கழற்ற வேண்டாம், எங்களுக்கே இருக்கட்டும், சம்பளத்துக்குச் சம்பளம் கட்டிவிடுகிறோம் என்றேன். என் வீட்டுக்காரர் விலை கேட்டார். முந்நூறு ரூபாய், நாலு தவணை என்று பேசி, ஒவ்வொரு சம்பளத்துக்கும் மாத்தளைக்குப் போய்க் கட்டினோம். கடைசித் தடவை நானா காசை வாங்க மறுத்துவிட்டார்.

"அப்பா மறுபடி டிவில வாற அன்டைக்குத் தாங்க, தங்கச்சி."

அப்பா அதற்குப் பிறகு டிவியில் வரவே இல்லை. எழுபத்தைந்து ரூபாய் பாக்கி.