கட்டாந்தரையில் ஒரு குட்டிக்கரணம்

தேவாலயத்தின் பங்கு மன்றத்துத் தொலைக்காட்சிக்கு முன்னால் என் மூத்த அண்ணன் இடுப்பில் மடித்துக் கட்டிய ஈரச் சாரத்தோடு நின்ற அந்தப் பிற்பகல் இன்றும் எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. அந்த முறை உலகக் கோப்பை ஆசியாவில் நடந்ததால் ஆட்டங்கள் நமக்குப் பகலிலேயே வந்தன. எங்கள் கடற்கரை ஊரான உவரியில் விடியுமுன் கடலுக்குப் போகும் வள்ளங்கள் மதியத்துக்குள் கரையேறிவிடும். மீனை ஏலம் விட்ட கையோடு, குளிக்கக்கூடப் போகாமல் ஆண்கள் மன்றத்துக்கு வந்துவிடுவார்கள். அன்று ஜெர்மனியின் புது முன்னணி ஆட்டக்காரன் ஒருவன் மூன்று கோல் போட்டான், மூன்றும் தலையால். போட்டதும் காற்றில் ஒரு குட்டிக்கரணம் அடித்துக் காலூன்றி நின்றான். ஆட்டம் முடிந்ததும் அண்ணன் கடற்கரைக்குப் போய் இருட்டும்வரை கரணம் அடித்துப் பழகினார்.

அந்த ஆட்டக்காரனை எங்கள் ஊருக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. கடல் மணலில் பந்து உருளாது. அதனால் நாங்கள் எல்லோரும் தூக்கித் தூக்கித்தான் ஆடுவோம், காலைவிடத் தலைக்குத்தான் வேலை அதிகம். ஊர் அணியில் அண்ணன்தான் முன்வரிசை. உயரத்தில் வரும் எந்தப் பந்தையும் விடமாட்டார். கோல் விழுந்தால் ஒரு கரணம் உண்டு, மணல் மெத்தென்று தாங்கிக்கொள்ளும். அவருக்கு இருந்தது ஒரே ஆசை. ஜெர்மனிக்காரன் நாட்டுக்கு ஆடுவதைப் போல, ஒரு தடவையாவது மாவட்டத்துக்கு ஆடிவிட வேண்டும்.

மறு வருஷம் பாளையங்கோட்டையில், மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு ஆட்டத்தில் எங்கள் ஊர் அணி ஆடியது. இடது மூலையிலிருந்து வந்த பந்தை, தடுக்க வந்தவனுக்கு முன்னால் எழும்பி அண்ணன் தலையால் முட்டினார். கோல். பழக்க தோஷம், நின்ற இடத்திலேயே கரணமும் அடித்துவிட்டார். கீழே இருந்தது எங்கள் கடற்கரை அல்ல, வெயிலில் காய்ந்து இறுகிய கட்டாந்தரை. தோள் எலும்பு முறிந்த சத்தம் கோட்டுக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது. அந்தக் கோலைப் பார்த்ததுமே அவரை எடுப்பதாகத் தேர்வாளர்கள் முடிவு செய்திருந்தார்களாம். எலும்பு கூடுவதற்குள் மாவட்டப் போட்டிகள் முடிந்துபோயின. கூடிய தோளும் வலை இழுக்க உதவவில்லை. வேறு வழியின்றி அண்ணன் கடலை விட்டு, வண்டியில் மீன் ஏற்றித் திருநெல்வேலியில் விற்கத் தொடங்கினார்.

பட்டப்பெயர் வைப்பதில் எங்கள் ஊரை அடிக்க ஆள் கிடையாது. அண்ணனுக்குக் கிடைத்த பெயர் ‘கரணம்’. அவர் விழுந்த கதையைச் சொல்லிச் சிரிக்காத ஆளில்லை. அதற்கு முன்னால் ஒரு கோல் இருந்தது என்பது யார் வாயிலும் வரவில்லை. அண்ணன் பந்தைத் தொடுவதை விட்டார், பார்ப்பதையும் விட்டார்.

ஜெர்மனிக்காரனை அதன்பிறகு நான் தனியாகத்தான் பின்தொடர்ந்தேன். சொந்த நாட்டில் நடந்த உலகக் கோப்பையில் அவனே அதிக கோல் போட்டான். அதற்கடுத்த கோப்பையின்போது, கிளப்பில் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன், நாட்டு அணிச் சட்டையைப் போட்டதும் மறுபடி கோலாகப் போட்டான். அவன் கோல் போட்ட ஆட்டத்தில் ஜெர்மனி தோற்றதே இல்லை என்பார்கள். இதையெல்லாம் அண்ணனிடம் சொல்ல எனக்கு எவ்வளவோ ஆசை. அவர் முகத்தைப் பார்த்தால் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன்.

அவனுடைய நான்காவது உலகக் கோப்பையும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் கடலுக்குப் போகமாட்டார்கள், அண்ணனுக்கும் வியாபாரம் இல்லை. அப்படி ஒரு ஞாயிறு மதியம், நான் வேலைக்காகக் குடிபோயிருந்த திருநெல்வேலி வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார். தொலைக்காட்சியில் முந்தைய இரவின் ஆட்டம் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. நான் பதறி ரிமோட்டைத் தேடினேன். இருக்கட்டும் என்றார். ஜெர்மனி ஒரு கோல் பின்தங்கியிருந்தபோது மாற்று ஆளாக அவன் இறங்கினான். முகத்தில் வயது தெரிந்தது. இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே காலை நீட்டிப் பந்தை வலைக்குள் தள்ளி ஆட்டத்தைச் சமனாக்கினான். ஓடிப்போய் கரணம் அடித்தான். இந்தத் தடவை கால் நிற்கவில்லை, தடுமாறி விழுந்தான். எழுந்து சிரித்துக்கொண்டே ஆட்டத்துக்குத் திரும்பினான்.

எனக்கு அண்ணனைத் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. அவர் சோற்றுக் கையோடு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“விழுந்ததுக்காவ கோலை எடுத்துட்டானுவளாலே?” என்று கேட்டார்.

இல்லை என்றேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, பைய, “அன்னைக்கு நானும் கோல் போட்டேம்லா” என்றார்.

“ஆமாண்ணே. ஒத்த கோலு. அதுலதான நம்ம செயிச்சோம்.”

அவர் கண் கலங்கியது. எனக்கும்தான். என் மனைவியிடம் குழம்பு ஊற்றச் சொல்லி இருவரும் சமாளித்துக்கொண்டோம்.

அரையிறுதியில் அவன் போட்ட கோலையும், கோப்பையை வாங்கியதையும் அண்ணன் என்னோடு உட்கார்ந்து பார்த்தார். அத்தோடு அவன் நாட்டு அணியிலிருந்து விலகிக்கொண்டான். நல்ல நேரத்தில் நிறுத்திக்கொண்டான் என்றார் அண்ணன்.

இன்றும் அவர் திருநெல்வேலிக்கு மீன் கொண்டுவருகிறார். இங்கேயும் அவர் ‘கரணம் அண்ணாச்சி’தான். பெயர்க் காரணம் கேட்டால் முன்பெல்லாம் பேச்சை மாற்றுவார். இப்போது தராசைக் கீழே வைத்துவிட்டு, இடது மூலையிலிருந்து பந்து வந்ததிலிருந்து தொடங்குகிறார். அது எவ்வளவு உயரம், தடுக்க வந்தவன் எவ்வளவு பெரிய ஆள், கோல்கீப்பர் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான் என்று ஒன்றையும் விடுவதில்லை. பல நாட்களில் வாடிக்கையாளர் மீனை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அண்ணன் அப்போதும் விழுகிற இடத்துக்கு வந்திருக்க மாட்டார்.