வீக்கம் வடிந்த பிள்ளை

1. முதல் நாள்

1959 தை மாதம், பொங்கல் முடிந்த கிழமை, வன்னியில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். ஆண்டையும் மாதத்தையும் எழுதுகிறேன். ஆஸ்பத்திரியின் பெயரை எழுதப்போவதில்லை. இன்று அங்கே வேலை செய்பவர்களுக்கு இதில் பங்கில்லை.

மதராசில் மனையியல் பட்டமும் அதற்கு மேல் உணவியல் டிப்ளோமாவும் முடித்திருந்தேன். டயற்றீஷனாகப் பதிவு பெறுவதற்கு இன்னும் ஒன்று வேண்டியிருந்தது. ஒரு வருடம் வார்ட்டில் பயிற்சி, அதன் முடிவில் “திருப்தி” என்று பொறுப்பு டொக்டரின் கையொப்பம்.

டொக்டர் முதல் நாள் என்னைக் கதிரையில் இருக்கச் சொல்லவில்லை.

“மதராசில என்னத்தைப் பிள்ளை படிச்சனீர்?”

“நோயாளிகளின்ர சாப்பாடு, சேர்.”

“சாப்பாட்டுக்கும் யூனிவர்சிட்டியோ? அப்ப என்ர வீட்டுக் குசினியில நிக்கிற மனுசிக்கும் ஒரு பட்டம் குடுக்கத்தான் வேணும்.”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கையொப்பம் அவருடைய பேனையில் இருந்தது.

அங்கே உணவு மூன்று வகை: முழுச் சாப்பாடான புல் டயற், பாதியான ஹாவ் டயற், குறைந்த லோ டயற். டொக்டர் கட்டில் தலைமாட்டுத் தாளில் ஒன்றை எழுதுவார். டயற் ஸ்ரூவட் அதன்படி அரிசியும் பருப்பும் அளந்து குசினிக்குக் கொடுப்பார். நீரிழிவுக்காரருக்கும் காய்ச்சல்காரருக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் இந்த மூன்றுக்குள்தான் இடம். நான் மதராசில் படித்தது முழுவதும் நோய்க்குத் தக்க நாலாவது வகையைப் பற்றியது.

2. வவுனிக்குளத்துப் பிள்ளை

ஆவணி மாதம் வவுனிக்குளம் குடியேற்றத்திலிருந்து ஒரு தாய் தன் மூன்று வயது மகளைக் கொண்டுவந்தாள். தாய்க்குப் பெயர் தங்கம்மா, பிள்ளைக்குச் செல்வராணி. யாழ்ப்பாணப் பக்கமிருந்து காணி கிடைத்து வந்து வயல் செய்கிற குடும்பம். பிள்ளையின் காலும் முகமும் வீங்கியிருந்தன. தலைமயிர் செம்பட்டை பாய்ந்து, தோல் உரிந்துகொண்டிருந்தது. தூக்கினால் அழும், விட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கும்.

“என்ன சாப்பாடு குடுத்தனீங்கள்?” என்று கேட்டேன்.

“அம்மாள் வருத்தம், சின்னமுத்து வந்து, வேப்பிலை போட்டுத் தண்ணி வார்த்தாச்சு. அதுக்குப் பிறகும் மாமி பத்தியத்தை விடேல்லை. கஞ்சித் தண்ணிதான். மீன் இல்லை, முட்டை இல்லை, பாலும் சளி எண்டு நிப்பாட்டிப்போட்டா.”

“வீட்டில மாடு இல்லையோ?”

“ரண்டு கறக்குது.”

இந்த நோயைப் பற்றி மதராசில் எங்களுக்கு விரிவுரை நடந்திருந்தது. பால்குடி மறந்த பிள்ளைக்குப் புரதம் கிடையாமல் போவதால் வரும் வீக்கம் அது. ஆனால் டொக்டர் வீக்கத்தைப் பார்த்தவுடன் சிறுநீரகம் என்றார். உப்பில்லாத லோ டயற், பாலும் முட்டையும் கூடாது என்று தாளில் எழுதினார். பிள்ளையின் சிறுநீரை நான் காய்ச்சிப் பார்த்தபோது அது கலங்காமல் தெளிவாகவே இருந்தது. சிறுநீரகம் பழுதென்றால் வெள்ளையாகத் திரண்டிருக்கும். அடுத்த நாள் ரவுண்டில் அதைச் சொன்னேன்.

“மிஸ், மூத்திரத்தைப் பார்க்கிறது என்ர வேலை. கஞ்சியைப் பார்க்கிறது உம்மட வேலை” என்றார்.

ஸ்ரூவட்டிடம் பால்மா கேட்டேன். “லோ டயற்றுக்குப் பால் இல்லை, மிஸ். டொக்டர் எழுதினா ஒரு வாளி கரைச்சுத் தாறன்” என்றார்.

தங்கம்மாவிடம் போனேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“டொக்டர் ஐயாவும் என்ர மாமியும் ஒரே கதைதான் கதைக்கினம். நீங்கள் மட்டும் வேற கதை சொல்லுறியள். உங்களுக்குப் பிள்ளையள் இருக்கோ?”

“இல்லை.”

“கலியாணம்?”

“அதுவும் இல்லை. முட்டை வேண்டாம், மீன் வேண்டாம். பால் மட்டும் குடுங்கோ. ஆடையை எடுத்துத் தண்ணி கலந்து நானே கொண்டுவாறன்.”

“பால் அம்மாளுக்கு வார்க்கிறதுதானே. அதில குற்றம் வராது” என்றாள்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே மாடு வைத்திருந்த வீட்டில் பால் வாங்கிக் காய்ச்சி வந்து, பட்டப்பகலில் கரண்டி கரண்டியாகப் பருக்கினோம். வார்ட்டில் நின்ற மிஸி, அதாவது நர்ஸ், ஜன்னல் பக்கம் திரும்பி, “நான் ஒண்டும் காணேல்லை” என்றார். கிழமை முடிவதற்குள் செல்வராணி சுவரைப் பார்ப்பதை விட்டாள். கரண்டியைப் பிடித்து இழுத்தாள். வீக்கம் வடியத் தொடங்கியது.

3. வடிந்த பிறகு

வடிந்தபோதுதான் உள்ளே இருந்த பிள்ளை தெரிந்தாள். கன்னம் இல்லை. விலா எலும்பை எண்ணலாம். கால் இரண்டும் குச்சி. நோய் மாறுகிறபோது இப்படித்தான் தெரியும். தண்ணீர் போன பிறகே சதை பிடிக்கும். ஆனால் தங்கம்மாவுக்கு வீக்கம்தான் சதை.

ரவுண்டுக்கு வந்த டொக்டரின் முன்னால் பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். “ஐயா, கொண்டுவரேக்க உருண்டை மாதிரி இருந்தது. இந்த மிஸ்தான் பால் குடுத்தவா. என்ர குஞ்சு வத்திப் போச்சு!”

டொக்டர் என்னைப் பார்க்கவில்லை. “லோ டயற். வெளியில இருந்து ஒரு சொட்டும் வரப்படாது” என்று மிஸியிடம் சொன்னார். பிறகு என்னிடம், “நீர் இனி இந்த வார்ட்டுக்கு வரவேண்டாம்” என்றார்.

அன்று பின்னேரமே தகப்பன் வந்தார். மாமி சொல்லி அனுப்பியிருந்தாளாம். வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டிக்கொண்டு பிள்ளையைத் தூக்கிப் போனார்கள். வாசலில் மறித்து, “அண்ணை, வீட்டில பாலை மட்டும் நிப்பாட்டாதேங்கோ” என்றேன்.

“நீங்கள் செய்தது காணும், தங்கச்சி. உங்கட படிப்பை வேற பிள்ளையில பழகுங்கோ.”

புரட்டாதி கடைசியில் மிஸிக்குச் செய்தி வந்தது. செல்வராணி வீட்டிலேயே செத்துப்போனாள். சுடலைக்குக் கொண்டுபோனபோது கால் மறுபடியும் வீங்கியிருந்ததாம்.

மார்கழியில் என் பயிற்சி முடிந்தது. டொக்டர் “திருப்தியில்லை” என்று எழுதினார். மன்னிப்புக் கேட்டால் மாற்றி எழுதலாம் என்று ஸ்ரூவட் தூது வந்தார். எதற்கு மன்னிப்பு என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. நான் போகவில்லை. டயற்றீஷன் ஆகவும் இல்லை. பாடசாலையில் மனையியல் படிப்பித்து ஓய்வுபெற்றேன்.

1965இல் அதே மிஸியைப் பஸ் நிலையத்தில் கண்டேன். “இப்ப வீங்கின பிள்ளையளுக்குப் பால்தான் குடுக்கிறம்” என்றார்.

“ஆர் எழுதுறது?”

“அவர்தான். கொழும்பில கூட்டத்துக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வந்தவர்.”

இந்தத் துறைக்கு இப்போது படிக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். வீங்கிய பிள்ளைக்கு முதல் கரண்டி பால் பருக்குமுன் தாயை இருத்திச் சொல்லுங்கள்: “வீக்கம் வடியும். பிள்ளை இன்னும் மோசமாய்த் தெரியும். அப்ப பயந்து நிப்பாட்டிப்போடாதேங்கோ.” மதராசில் எந்த விரிவுரையிலும் இது சொல்லப்படவில்லை. வியாதி எப்படி வரும், எந்தளவு பால், எத்தனை தரம் என்று எல்லாம் சொன்னார்கள். தாய் என்ன காண்பாள் என்று ஒருவரும் சொல்லவில்லை.