நாலு புள்ள

செல்லதுரை பேசியது மொத்தம் பன்னிரண்டு நொடி. உடையார்பாளையம் போகும் சாலையில், ஒரு டீக்கடையில், யாரோ ஒருவனுடைய போனிலிருந்து அதை அவரே கேட்டார்.

"நாலு புள்ள எடுத்து வச்சிருக்கேண்ணே. ரெண்டு பெருசு, ரெண்டு சின்னது. சாக்குல சுத்தி வண்டியில கட்டிட்டேன். மத்தியானத்துக்குள்ள கொண்டாந்துடுறேன், ஆள வரச் சொல்லுங்க."

கையிலிருந்த டீயை அவர் இன்னும் குடிக்கத் தொடங்கவில்லை.

வாலிகண்டபுரத்துப் பக்கம் தென்னங்கன்று போட்டு விற்பவர் செல்லதுரை. அவருடைய அப்பா காலமெல்லாம் அடுத்தவர் தோப்பில் குழி வெட்டியவர். இவர் கால் ஏக்கர் குத்தகைக்குப் பிடித்து, தாமே நெற்றுத் தேங்காய்களை விதைத்துக் கன்றாக்கி, நாற்பத்தெட்டு வயதில் டி.வி.எஸ். வண்டியில் ஊரூராகக் கன்று கொண்டுபோய் நட்டும் கொடுக்கிறார். அவர் வாயில் கன்று என்ற சொல்லே வராது. தென்னம்பிள்ளைதான், பேச்சில் அதுவும் தேய்ந்து வெறும் புள்ள. புள்ள வாடிருச்சு, புள்ளைக்குத் தண்ணி காட்டு என்றால் வாங்குகிறவர்களுக்கும் புரியும்.

படிப்பு ஐந்தாவதோடு நின்றது. எழுத வராததால் வாட்ஸ்அப்பில் அவருக்கு எல்லாமே குரல்தான். காலையில் ஸ்டேட்டஸ்: யார் வீட்டில் கல்யாணம், யார் செத்தது. மத்தியானம் மரத்தடியில் யூடியூபில் போர் போடும் வீடியோ. எத்தனையாவது அடியில் தண்ணீர் வருகிறது என்று பார்க்காமல் எழுந்திருக்க மாட்டார். சாயங்காலம் ஃபேஸ்புக்கில் முகம் தெரியாதவர்களின் பிறந்தநாளுக்கெல்லாம் ஒரு கும்பிடு. "போர்ல தண்ணி வந்துடுச்சா, இல்ல நான் சோறு போடட்டுமா?" என்று மனைவி மலர்கொடி கேலி செய்வாள். கேலி செய்கிறவளின் கையிலும் ரீல்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்.

அன்று காலை, பொருள் வாங்கி விற்கும் வாட்ஸ்அப் குழு ஒன்றில், உடையார்பாளையத்து முத்தமிழ்செல்வன் தென்னை கேட்டிருந்தார். குழி வெட்ட ஆளையும் வரச் சொல்லி, அதற்குச் செல்லதுரை அனுப்பிய குரல் பதில்தான் அந்தப் பன்னிரண்டு நொடி. யாரோ பதிலை மட்டும் பிடுங்கி வேறு குழுவில் போட்டுவிட்டார்கள். கேள்வி இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. "பிள்ளை பிடிக்கும் கும்பல், உஷார்" என்று ஒரு வரியைத் தலையில் ஒட்டிக்கொண்டு பதில் மட்டும் ஊரூராகப் போனது.

"எவ்வளவு தைரியமாப் பேசுறான் பாரு, ஆட்டுக்குட்டி விக்கிற மாதிரி" என்றாள் கடைக்கார ராசாத்தி.

"கையில சிக்கட்டும், போலீசு வரைக்கும் போவ வேணாம்" என்றான் போனை வைத்திருந்த பிரசாத்.

விளக்கிச் சொல்லிவிடலாம் என்று செல்லதுரை வாயெடுத்தார். உடனே மூடிக்கொண்டார். சொன்னால் அதே குரல்தானே வரும்! கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார்.

"என்னண்ணே, டீ அப்படியே இருக்கு? எந்த ஊரு நீங்க?" என்றான் பிரசாத்.

மேற்கே கையைக் காட்டினார்.

"வாயில என்ன, கொழுக்கட்டையா?"

பெஞ்சிலிருந்தவர்கள் சிரித்தார்கள். பிரசாத்தின் பார்வை வண்டிக்குப் போனது. காற்றில் ஓலை கிழியாமல் இருக்க, கன்றுகளை அடி முதல் நுனி வரை சாக்கில் சுற்றியிருந்தார் செல்லதுரை. இரண்டு நீளக் கட்டு, இரண்டு குட்டைக் கட்டு.

"ரெண்டு பெருசு, ரெண்டு சின்னது" என்றாள் ராசாத்தி மெதுவாக. சிரிப்பு நின்றது.

யாரோ வண்டிச் சாவியை உருவினார்கள்.

"புள்ளைங்க..." என்று செல்லதுரைக்குப் பழக்கத்தில் வந்துவிட்டது. அடுத்த சொல் வருவதற்குள் சட்டைக் காலர் பிரசாத்தின் கையில் இருந்தது. "தென்னம்புள்ளைங்கய்யா! தென்னம்புள்ள!"

ராசாத்தி ஓடிப்போய்க் கயிற்றை அறுத்துச் சாக்கை இழுத்தாள். பச்சை ஓலை விரிந்து அவள் முகத்தில் அடித்தது.

"அட கடவுளே, தென்ன!" என்றவள் சிரித்துவிட்டாள். "எங்க ஈரக்கொலையே நடுங்கிப் போச்சுண்ணே."

பிரசாத் காலரை விட்டான். கசங்கிய இடத்தைத் தானே நீவிவிட்டான். "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. இத இப்படியே விடக் கூடாது, நீங்களே பேசுங்க, வீடியோவாப் போட்டுடுறேன்."

செல்லதுரை கன்றைக் கையில் பிடித்தபடி பேரைச் சொன்னார், ஊரைச் சொன்னார், நடந்ததைச் சொன்னார். தானிருந்த மூன்று வாட்ஸ்அப் குழுக்களிலும் ஃபேஸ்புக்கிலும் அதை ஏற்றிய பிரசாத், "இனிமே ஒரு பய உங்களத் தொட மாட்டான்" என்று சாவியைக் கொடுத்தான்.

மூன்று கிலோமீட்டர் போவதற்குள் சட்டைப் பையில் போன் விடாமல் அதிர்ந்தது. ஓரங்கட்டிப் பார்த்தார். அதே வாங்கி விற்கும் குழு. வந்திருந்தது வீடியோ அல்ல. அதிலிருந்து வெட்டியெடுத்த அவருடைய முகம் மட்டும். கன்று இல்லை. கீழே, எழுத்துக் கூட்டிப் படித்தார்: "அந்தக் குரல் இவனுடையதுதான்."

அதில் பொய் ஒன்றும் இல்லை. காலையில் அவர்களிடம் குரல் மட்டும்தான் இருந்தது. முகத்தை இவரே கொடுத்திருக்கிறார்.

துண்டை எடுத்து முகத்தைச் சுற்றிக் கட்டினார். முகத்தை மூடியவனைத்தான் முதலில் நிறுத்துவார்கள் என்று தோன்றியதும் அவிழ்த்தார். எதிரே பஸ் நிறுத்தத்தில் ஐந்தாறு பேர் தலை குனிந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மலர்கொடி கூப்பிட்டாள். "எங்கங்க இருக்கீங்க? உங்க படம் எனக்கே வந்துடுச்சுங்க. எல்லாத்தையும் அங்கயே போட்டுட்டு வூட்டுக்கு வந்துடுங்க."

செல்லதுரை வாயைக் கையால் பொத்திக்கொண்டு, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"எப்படி வர்றது? நடுவுல பதினாலு ஊரு இருக்கே."