பச்சைக் கட்டத்தில் இடுப்பளவு புல்

திருத்தணிக்கு இதுவரை படியேறத்தான் போயிருக்கிறேன். இந்த மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை போனது, ஒரு வரைபடத்தைச் சரிபார்க்க. காட்டில் எங்கே தீப்பிடிக்கும் என்று கணினியில் முன்கூட்டியே கணிப்பது என் வேலை. வெயில், காற்று, சரிவு, செயற்கைக்கோள் பதிவு செய்த பழைய தீப்புள்ளிகள் எல்லாவற்றையும் கொடுத்தால், அது மலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஆபத்து அதிகமென்றால் சிவப்பு, நடுத்தரம் மஞ்சள், இல்லையென்றால் பச்சை பூசித் தரும். அன்று மூன்று மணிக்குத் திருத்தணியில் வனத்துறைக் கூட்டத்தில் அதை ஒப்படைக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் தீக்காவலர்கள் எங்கே நிற்பது என்று முடிவு செய்வார்கள். நான் பார்க்கப் போன மலைக்கு இரண்டே பேர்.

சென்னையிலிருந்து காலை 6.20 மின்ரயில், டிக்கெட் 25 ரூபாய். எட்டே முக்காலுக்குத் திருத்தணி. இட்லி, காபி 60 ரூபாய். மலை ஆர்.கே.பேட்டை சாலையில் பதினொரு கிலோமீட்டர்; போய்வர, காத்திருப்பும் சேர்த்து ஆட்டோ 500. (பேருந்தும் உண்டு. எனக்குத்தான் பொறுமை இல்லை.)

"எரியறதுக்கு முன்னாடியே பாக்க வந்துகிறீங்களா?" என்று ஓட்டுநர் சிரித்தார். "எரிஞ்சப்புறம் வந்தாதான் மேடம் டிவில காட்டுவாங்க."

வரைபடத்தில் கிழக்குச் சரிவு சிவப்பு. போய்ப் பார்த்தேன், சருகும் முள்ளும் காய்ந்து கிடந்தன. கணிப்பு சரி என்று மனம் கொஞ்சம் ஆறியது. மேற்குச் சரிவு முழுப் பச்சை. பத்தே முக்காலுக்கு அங்கே இறங்கினேன். இடுப்பளவு புல், தொட்டால் நொறுங்கும் அளவுக்குக் காய்ந்திருந்தது. அடிவாரத்தில் ஒரு மாந்தோப்பு, அதையொட்டி ஆட்டுப்பட்டி, பிறகு முப்பது வீடுகள் இருக்கலாம்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கன்னியம்மாவிடம், இங்கே தீப்பிடித்ததே இல்லையா என்று கேட்டேன். என் வயதுதான் இருக்கும்.

"ஆங், ஏன் இல்ல? நாங்களேதான் கொளுத்துவோம். மாசியில, விடிகாலைல, பனி இருக்க சொல்ல. துண்டு துண்டா. அரை மணில தானா அவிஞ்சிடும். ஆட்டுக்குப் புதுப் புல்லு வரும்."

"இப்ப?"

"எங்க பாவா தோப்பு வெச்சிட்டாரு. பொக பட்டா மாம்பூ கருகுதுன்னாரு. அக்கா ஊட்டுக்காரராச்சே, நாலு வருசமா வுட்டுட்டோம். புல்லு ஏறிகினே போவுது."

கைப்பேசியில் பச்சைக் கட்டத்தைக் காட்டினேன். எட்டிப் பார்த்தாள். "உங்க கம்ப்யூட்டரு ஒரு நாளாவது ஆடு மேச்சிகீதா?"

சிரிக்க முடியவில்லை. நான்கு ஆண்டுகளாகத் தீப்புள்ளி இல்லாததைக் கணினி பாதுகாப்பு என்று படித்திருக்கிறது. படிக்கச் சொல்லிக் கொடுத்தவள் நான். புல் சேர்ந்துகொண்டே போவதை அதற்குச் சொல்லித்தர எனக்குத் தோன்றவில்லை.

அலுவலகத்தில் என் குழுத்தலைவரை அழைத்தேன். "ஒருத்தங்க சொன்னாங்கன்னு கலரை மாத்தினா அப்புறம் கம்ப்யூட்டர் மாடல் எதுக்குங்க?" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் புல் என் கண்முன் நின்றது. திருத்தணி திரும்பி வரைபடத்தை அச்செடுத்து, மேற்குச் சரிவில் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டேன். வட்டம் கோணலாகத்தான் வந்தது. கூட்டத்தில் வனத்துறை அதிகாரியிடமிருந்து ஒரே கேள்விதான் வந்தது: "அப்போ கிழக்கே நிக்கிற ரெண்டு பேருல ஒருத்தரை எடுத்து மேற்கே போட்டுடலாமா?" ஆமாம் என்றேன்.

அந்த ஒரு சொல்லோடுதான் 5.10 ரயிலில் திரும்பினேன். சரியாகத்தான் செய்தேன் என்று நினைக்கிறேன். ஆனாலும் தினமும் செயற்கைக்கோள் படம் வரும் நேரத்தில், கிழக்கே தீப்புள்ளி தெரிகிறதா என்று பார்க்கக் கை தானாகக் கணினியைத் திறக்கிறது.

நீங்கள் அந்த மலைக்குப் போவதானால் காலை ஒன்பதுக்கு முன் ஏறி, பதினொன்றுக்குள் இறங்கிவிடுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும், மேலே ஒரு கடையும் இல்லை. கிழக்குப் பாதையில் பாதி தூரத்தில் மஞ்சள் பூசிய ஒரு கல் இருக்கிறது. வழிப்போக்கர்கள் அங்கே சூடம் ஏற்றுவது வழக்கம். இந்தக் கோடையில் கும்பிட்டுவிட்டு மட்டும் வாருங்கள். அங்கே நின்ற காவலரைத்தான் நான் இடம் மாற்றியிருக்கிறேன்.