மொழி கேட்க வந்த அதிகாரி

மாநில எல்லை பிரிப்பதற்காக, நகரிக்கு அருகிலுள்ள எங்கள் ஊருக்கு வந்திருந்தார் அந்த மெலிந்த அதிகாரி. ஒவ்வொரு கேள்விக்கும் முன் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார்.

"வீட்ல என்ன பேசறீங்க?"

"தமிழுதான் சார். மாட்டாண்ட மட்டும் தெலுங்கு, காளஹஸ்தியில புடிச்சிக்கினு வந்தது," என்றார் என் அப்பா, நைனா.

"மாட்ட நான் கேக்கல." அவர் சிரிக்கவில்லை.

ஊர் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தால்தான் பள்ளிக்குத் தமிழாசிரியர் வேலை வரும். அதற்காகவே நான் தமிழ் படித்துக்கொண்டிருந்தேன்.

"எல்லா வீட்லயும் தமிழ்னு சொன்னா மெட்ராஸோட சேத்துடுவாங்களா சார்?" என்று கேட்டேன்.

"சுத்தியும் தெலுங்கு ஊருங்கம்மா. நடுவுல ஒண்ண மட்டும் எப்படிப் பிரிப்பாங்க?"

எனக்கு அழுகை வரவில்லை. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டு வாசலில் நின்றார். அதே கேள்வியை அதே நிதானத்தோடு கேட்டார். ஊர் ஆந்திரத்திலேயே இருந்துவிட்டது. முடிவு தெரிந்தவர் ஏன் ஒரு வீட்டைக்கூட விடாமல் கேட்டார் என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை.