கரடிக்கு வாங்கிய தோட்டா

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் இரண்டு மழைக்காலம் வேலை பார்த்தேன். பங்களா அடுப்படியில் பாத்திரம் கழுவும் வேலை. துப்பாக்கியோடு விருந்தாளிகள் வருவார்கள். சாப்பிட்டுவிட்டு அவர்கள் பேசுவதைத் தட்டு எடுக்கும் சாக்கில் கேட்டுக்கொண்டு நிற்பேன். எனக்கும் வேட்டைக்கும் உள்ள உறவு அவ்வளவுதான். ஆனால் கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு கரிசல் கிராமத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, கரடி வேட்டைக்குப் போனவன் என்று சொல்லிவிட்டேன். ஆறாம் வகுப்போடு நின்று, ஏழெட்டு ஊர் மாறி வந்தவனுக்குச் சொல்லிக்கொள்ள வேறு ஒன்றும் இல்லை.

அது எழுபதுகளின் கடைசி. முதலாளி வீட்டில் நானும் இன்னொருவனும் வேலைக்கு இருந்தோம். அவன் உள்ளூர்க்காரன், என் வயது. என்னை மாப்ளே என்றுதான் கூப்பிடுவான். சோளம் அறுத்து முடிந்ததும் ஊர் ஆண்கள் எல்லோரும் முயல் வேட்டைக்குப் போவார்கள். அதில் ஒரு வழக்கம் உண்டு. யார் அடித்தாலும் சரி, விழுந்த உருப்படியின் மேல் முதலில் கை வைத்தவனுக்கு ஒரு பின்னந்தொடை. வெட்டவெளிக் காட்டில் அவன் ஓடுவதைப் பார்க்க வேண்டும். வெடிச் சத்தம் அடங்குவதற்குள் அவன் கை முயல்மேல் இருக்கும். நான் அங்கே இருந்தவரை அந்தத் தொடை வேறொருவருக்குப் போகவில்லை.

முதலாளியின் தங்கையை மேற்கே மலையடிவாரத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அங்கே நிலக்கடலைக் காட்டுக்கு ஒரு கரடி வந்து பழகிவிட்டது. விறகு பொறுக்கப் போன ஒரு பெண்ணின் தோளைக் கிழித்துவிட்டது. மச்சினன் ஆள் அனுப்பினார். கரடியைச் சுடக்கூடாது என்று சட்டம் வந்திருந்தது எல்லோருக்கும் தெரியும். கேட்டால் பன்றி என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார் முதலாளி.

வீட்டில் இரண்டு துப்பாக்கிகள். ஒன்று இரட்டைக்குழல். மற்றது அவர் அப்பா காலத்து ரைபிள். அதற்கு மிச்சம் இருந்தவை நாலே தோட்டாக்கள், பித்தளையில் பச்சை பூத்திருந்தது. முதலாளி இரண்டையும் கட்டிலில் கிடத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, நீதான் போயிருக்கேல்லா. எதை எடுக்க?"

தட்டு எடுக்கும்போது கேட்டது எனக்கு நினைவிருந்தது. கரடிக்கு முடியும் கொழுப்பும் அதிகம். தோள் எலும்பை உடைக்கிற கனமான ஒற்றைக் குண்டு வேண்டும். "ரைபிள்தான் மொதலாளி" என்றேன். புதுத் தோட்டா வாங்க முதலாளியும் நானும் மதுரைக்குப் பஸ் ஏறினோம்.

கடைக்காரர் பழைய தோட்டாவை வாங்கி உருட்டிப் பார்த்தார். "இது இப்ப வர்றதில்லண்ணே. எழுதிப் போட்டா ரெண்டு மாசம் ஆகும். ரெட்டைக்குழலுக்குப் பன்னெண்டு போர்னா இப்பவே தாரேன். என்ன அடிக்கணும்?"

"பன்னிதான்" என்றார் முதலாளி.

"பன்னிக்கு எஸ்.ஜி. எதேஷ்டம்" என்று ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். அந்தத் தோட்டாவுக்குள் இருப்பது கொண்டைக்கடலை அளவு ஈய உருண்டைகள். அவருக்குப் பின்னால் அலமாரியில் அதே பன்னெண்டு போருக்கான ஒற்றைக் குண்டுத் தோட்டாப் பெட்டியும் இருந்தது. படத்தோடு இருந்ததால் எனக்கு அடையாளம் தெரிந்தது.

முதலாளி என் பக்கம் திரும்பி, "என்னலே, போதும்லா?" என்றார்.

விரலை நீட்டியிருந்தால் போதும். ஆனால் ஏன் என்று கேட்பார். நீ போன வேட்டையில் எதை வைத்து அடித்தார்கள், எத்தனை வெடியில் விழுந்தது என்று கேட்பார். என் பொய் அந்தக் கடையில் வைத்தே அவிழ்ந்துவிடும். காலையிலிருந்து சாப்பிடாத பசி வேறு. "போதும் மொதலாளி" என்றேன்.

ஊருக்குத் திரும்பி வந்ததும் கூட வேலை பார்த்தவன் கேட்டான்: "மாப்ளே, கரடி எப்படில விழும்?"

"பன்னி மாதிரித்தான்" என்றேன்.

மூன்றாம் நாள் விடியும் நேரத்தில் கடலைக் காட்டை ஒட்டிய பாறை மறைவில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். தின்று முடித்த கரடி மலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. முதலாளி இரண்டு குழலையும் அடித்தார். கரடி குப்புற விழுந்தது. விழுந்த கரடியின் பக்கத்தில் போகாதே, கல்லெறிந்து பார் என்றும் அந்தப் பங்களா விருந்தாளிகள் பேசியிருந்தார்கள். அந்த நொடியில்தான் அது எனக்கு ஞாபகம் வந்தது.

"தொடை எனக்குத்தாம்ல!" அவன் சிரித்துக்கொண்டே ஓடினான்.

கூப்பிட்டு நிறுத்த நான் எழுந்தேன். அவன் கை அதன் முதுகில் படுவதற்குள் கரடி எழுந்துவிட்டது.

அவனை மாட்டுவண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பாறையிலிருந்து விழுந்துவிட்டான் என்று சொன்னோம். டாக்டர் அவன் முகத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மேற்கொண்டு கேட்கவில்லை. இடது கண்ணும் கன்னமும் போய்விட்டன. மலையேறி ஓடிய கரடி ஒரு பொடவுக்குள், குகை மாதிரியான பாறை இடுக்கில், இரண்டு நாள் கிடந்து செத்தது. பாறைக்கு மேல் கழுகு சுற்றியதை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். தோலை உரித்தவர், உருண்டைகள் கொழுப்பிலேயே நின்றுவிட்டன என்று கையில் வைத்துக் காட்டினார். ஏழு இருந்தன.

அவன் என்னைத் திட்டியிருந்தால் அந்த ஊரிலேயே இருந்திருப்பேன். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவன், "மாப்ள எடுத்தது சரியான தோட்டாதான். நான்தான் அவசரப்பட்டு ஓடிட்டேன்" என்றான். கட்டுக்குள்ளிருந்து குழறலாகத்தான் வந்தது. ஆனாலும் ஒருவர் விடாமல் சொன்னான். ஒரு மாதம் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அவனிடம் சொல்லாமலே தூத்துக்குடிக்கு உப்பளத்து வேலைக்குப் போய்விட்டேன்.

ஏழெட்டு வருசம் கழித்து எட்டயபுரம் பஸ் ஸ்டாண்டில் யாரோ முதுகில் தட்டினார்கள். அவன்தான். துண்டை முகத்தின் இடது பக்கம் இறக்கிக் கட்டியிருந்தான். கூட இருந்த ஆளிடம், "அண்ணாச்சி, இவரு யாருன்னு நெனச்சிய? துப்பாக்கி விசயத்துல இவர அடிச்சுக்க ஆளில்ல" என்றான். பிறகு என்னிடம், "நல்ல நேரத்துல வந்தே மாப்ளே. அண்ணாச்சி மக்காச்சோளத்துல பன்னி விழுந்து நாசம் பண்ணுது. எந்தத் தோட்டா வாங்கலாம், சொல்லு" என்றான்.

"எனக்குத் தெரியாதுலே. அப்பவும் தெரியாது. கரடிய நான் அன்னைக்குத்தான் மொத மொதல்ல பாத்தேன்" என்றேன்.

அவன் சிரித்தான். ஒரு பக்கம் மட்டும் அசைந்தது. "பாத்தியளா அண்ணாச்சி, தெரிஞ்ச ஆளுக இப்படித்தான் பேசுவாக" என்று அவரிடம் சொன்னான்.

நான் சொன்னது நிஜம் என்று இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். அவர்கள் ஏற வேண்டிய கோவில்பட்டி பஸ் வந்து நின்றது. அவனுக்குக் கண் தெரியாத பக்கமாகப் படி இருந்தது. கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன்.