முகம் ஒன்று, பூட்டு வேறு

போன வாரம் நம்ம தூத்துக்குடி புதுக்கோட்டையில், வழக்கமாகப் போகும் கருப்பட்டிக் கடையில் வாய் தவறிவிட்டது. "செல்வம், அரைக் கிலோ போடுங்க" என்றேன்.

கல்லாவில் இருந்தது தம்பி தங்கராஜ். அண்ணன் செல்வம் இறந்து ஒரு மாதம்தான் ஆகிறது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் தராசில் கருப்பட்டியை வைத்தார்.

என் மேல் மட்டும் தப்பில்லை. அண்ணனும் தம்பியும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருப்பார்கள். அதே நெற்றி, அதே முன்பல், இருமல்கூட அதேதான். உடன்குடியிலிருந்து சரக்கு ஏற்றி வரும் டிரைவரே குழம்பிப்போவார். செல்வம் தம்பியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "ஏலே குரங்கு" என்பார். திரும்பிப் பார்ப்பவர் தங்கராஜ்… எங்களுக்கு அதுதான் அடையாளம்!

செல்வத்துக்கு ரத்தப் புற்றுநோய் என்று மதுரையில் சொன்னார்கள். எலும்பு மஜ்ஜை மாற்றினால் பிழைக்க வழியுண்டு, கூடப்பிறந்தவர் இருக்கிறாரா என்று கேட்டார்கள். எங்களுக்கெல்லாம் பாதி உயிர் திரும்பி வந்தது. இப்படி ஒரு தம்பி இருக்கும்போது என்ன கவலை?

தங்கராஜின் ரத்தத்தைச் சோதித்த ரிசல்ட் வந்த அன்று துணைக்கு நானும் போயிருந்தேன். துளியும் பொருந்தவில்லை. பாதி பொருந்தியிருந்தால்கூட முயன்று பார்த்திருக்கலாமாம். பாதியாவது பொருந்தக்கூடிய பெற்றோர் செல்வத்துக்கு இல்லை, பிள்ளைகளும் இல்லை. வெளியாட்களில் தேடிப் பார்ப்பதாகச் சொன்னார்கள்.

செல்வம்தான் முதலில் பேச ஆரம்பித்தார்.

"இவன் குரங்குன்னு நான் அப்பமே சொன்னேன்லா டாக்டர். ஒருத்தரும் நம்பல."

டாக்டரம்மா சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "அப்படிப் பார்த்தா உங்களுக்கும் குரங்கு சொந்தம்தான் சார். இந்தப் பொருத்தம் பார்க்கிற ஜீன்ல சில வகை மனுஷங்க வர்றதுக்கு முன்னாடியே இருந்தது" என்றார்.

நோய்க்கிருமியை உடம்புக்குக் காட்டிக்கொடுக்கும் ஜீன்களாம் அவை. நெருக்கமாக ஒரே வரிசையில் இருக்குமாம். அப்பாவிடமிருந்து ஒரு கட்டு, அம்மாவிடமிருந்து ஒரு கட்டு — பெரும்பாலும் பிரிக்காமல் அப்படியே வந்துசேரும். இவர்கள் இருவருக்கும் வந்தது வேறு வேறு கட்டு. குரங்குகளில் இன்னும் வேடிக்கை… அதே ஜீன் நகல் நகலாகப் பெருகி வரிசை நீண்டுகிடக்கும், ஒரு குரங்குக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. சில வகைகளை ஒப்பிட்டால், அண்ணனுடையது தம்பியுடையதற்கு இருப்பதைவிடக் குரங்கினுடையதற்குக் கிட்டத்தில் இருக்கக்கூடுமாம்!

ஏன் இத்தனை வகை? தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரே பூட்டு என்றால் திருடனுக்கு ஒரு சாவி போதுமே. கொள்ளைநோய் வந்தாலும் கூட்டத்தில் சிலராவது மிஞ்சவேண்டும் அல்லவா? மிஞ்சினார்கள். குரங்கும் மிஞ்சியது, மனிதனும் மிஞ்சினான்.

செல்வத்துக்குப் பொருத்தமான ஆள் கடைசிவரை கிடைக்கவில்லை. இயற்கைக்குக் கூட்டத்தைத் தெரியும் — செல்வத்தைத் தெரியாது.

தங்கராஜ் பொட்டலத்தைக் கட்டி நீட்டினார். பேர் மாற்றிக் கூப்பிட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். துறைமுகத்துக்குப் போகும் லாரி ஒன்று கடந்து போனது. அவர் மீதிச் சில்லறையை எண்ணி என் கையில் வைத்தார்.

"அதுக்கென்ன அண்ணாச்சி. செல்வம்னு கூப்பிட ஊரே இருக்கு. குரங்குன்னு கூப்பிடத்தான் ஆள் இல்ல."